மணி புரிந்தான் மரபும் சுலாலத்துஸ் சலாத்தினும்: ஒரு வணிகப் பிரபுக் குடும்பத்தின் கதையும் வரலாறும்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கில், பூலாய் ஆறு கடலோடு கலக்கும் பகுதிக்கு அண்மையில் கெலாங் பாத்தா அமைந்துள்ளது. மலாய்மொழியில் இப்பெயருக்கு 'உடைந்த வளையல்' என்பது பொருள். 1998ஆம் ஆண்டில் சிங்கப்பூருடனான இரண்டாவது இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. இவ்விரண்டின் பயனாக இவ்வூரைச் சூழ்ந்த கடற்கரை இன்று உலக வணிகப் பாதையில் ஓர் இன்றியமையாத இடத்தைப் பெற்றுள்ளது. எனினும் கடல் வணிகம் ஜொகூருக்குப் புதியதன்று. ஜொகூர் அரசு தோன்றியதற்கே மலாக்காத் துறைமுகத்தின் வீழ்ச்சிதான் காரணமாயிற்று. அவ்வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றின் நடுவே தென்னிந்தியத் தொடர்புடைய வணிகப் பிரபுக் குடும்பம் ஒன்று நிற்கின்றது. அதுவே மணி புரிந்தானின் மரபு.

துன் பாத்திமா, துன் ஸ்ரீ லானாங் ஆகிய பெயர்களை ஜொகூர் மாணவர்கள் நன்கு அறிவர். ஜொகூர் பாருவில் ஒரு புகழ்பெற்ற பெண்கள் பள்ளி துன் பாத்திமாவின் பெயரைத் தாங்கியுள்ளது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நூலகம் துன் ஸ்ரீ லானாங்கின் பெயரால் வழங்குகின்றது. இவ்விருவரும் மணி புரிந்தானின் வழியில் வந்தவர்கள் என்பது தமிழாசிரியர் பலரும் அறிந்த செய்தியே. ஆயினும் அச்செய்தியை நாம் கையாளும் முறையில் இரு எல்லைகள் காணப்படுகின்றன. 'மலாக்காவை ஆண்டவர் தமிழர்' எனப் பெருமிதம் கொள்வது ஒன்று. 'மலாக்கா வீழ்ந்தது தமிழ் வணிகரின் சூழ்ச்சியால்' என நாணுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே நூலை நம்பி எழுந்தவை. அந்நூல் யாரால், எந்தச் சூழலில், எதன் பொருட்டு எழுதப்பட்டது என்பதை நோக்காது எழுந்தவை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பலர் கைபட்ட ஒரு கதையுலகம்

சுலாலத்துஸ் சலாத்தின் எனும் மலாய் நூல் செஜாரா மெலாயு என்ற பெயரால் பரவலாக அறியப்படுகின்றது. 'அரசர்தம் வழிமுறை' என்பது முன்னைய பெயரின் பொருள். கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாய்க் கதைநூல் ஒன்றை மலாய் மரபுக்கு ஏற்பச் செப்பம் செய்யுமாறு ராஜா அப்துல்லா ஆணையிட்டதாக நூலின் முகவுரை கூறுகின்றது. ஆணை பிறந்த நாள் ஹிஜ்ரி 1021, ரபியுல் அவ்வல் 12 எனக் குறிக்கப்பட்டுள்ளது. இது கி.பி. 1612, மே 13ஆம் நாளுக்கு இணையாகும். அப்போது ஜொகூரின் தலைநகர் ஜொகூர் ஆற்றின் கரையில் இருந்தது. அப்பணியை ஏற்றவர் ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், பதுகா ராஜா என்னும் பட்டம் பெற்ற துன் முகம்மது. இவரே துன் ஸ்ரீ லானாங் என அழைக்கப்படுகின்றார். 1638ஆம் ஆண்டில் அச்சேயில் புஸ்தானுஸ் சலாத்தின் நூலை இயற்றத் தொடங்கிய நூருத்தீன் அர்ரானிரியும் இந்நூலை இயற்றியவர் பெண்டஹாரா பதுகா ராஜா என்றே குறித்துள்ளார்.

துன் ஸ்ரீ லானாங் இந்நூலின் ஆசிரியரா தொகுப்பாளரா என்னும் வினா அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. நூலுக்குப் பல்வேறு வடிவங்கள் உண்டு. ரூல்விங்க் என்னும் அறிஞர் 1967இல் இவ்வடிவங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். லண்டன் அரச ஆசியக் கழகத்தில் உள்ள ராஃபிள்ஸ் 18ஆம் எண் சுவடியை வின்ஸ்டெட் 1938இல் பதிப்பித்தார். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மலாக்காவில் பிறந்த அப்துல்லா முன்ஷி மற்றொரு வடிவத்தைச் சிங்கப்பூரில் அச்சேற்றினார். தமிழ்க் குருதியும் அரபுக் குருதியும் கலந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1979இல் ஏ. சமாட் அமாட் வேறொரு வடிவத்தை வெளியிட்டார். 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நூலை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஒவ்வொரு வடிவமும் சில கதைகளைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் சொல்கின்றது. ஆனால் மாந்தரும் நகரும் மாறுவதில்லை. அதே சுல்தான்களும் பெண்டஹாராக்களும் ஹிக்காயாட் ஹாங் துவாவிலும் வேறு உருவில் தோன்றுகின்றனர். ஒரே கற்பனை உலகையும் ஒரே மாந்தரையும் பல ஆசிரியர் பகிர்ந்துகொண்டு தனித்தனிக் கதைகள் எழுதும் தொகுப்புகள் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் ஓர் இலக்கிய வகையாக வளர்ந்தன. 1979இல் ராபர்ட் ஆஸ்பிரின் தொகுத்த 'தீவ்ஸ் வேர்ல்ட்' அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அவ்வகை நமக்குப் புதியதன்று. பாரதக் கதையையும் விக்கிரமாதித்தன் கதையையும் பல கைகள் வளர்த்த மரபை நாம் அறிவோம். சுலாலத்துஸ் சலாத்தினும் அத்தகையதே. பறவையும் மீனும் பேருதவி புரியும் அற்புதங்களும், நாள் குறித்து எழுதப்பட்ட செய்திகளும் அதில் அருகருகே நிற்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இக்கதையுலகின் தலைமைக் குடும்பமும் கதையைச் செப்பம் செய்தவரின் குடும்பமும் ஒன்றே.

மணி புரிந்தானின் வருகை

கெலிங் நாட்டில் பஹிலி என்னும் நகரை ஆண்ட நிஜாமுல் முல்க் அக்பர் ஷாவின் மகனாக மணி புரிந்தான் நூலில் அறிமுகப்படுத்தப்படுகின்றார். மலாக்காவைக் காண விரும்பிக் கப்பல்களுடன் புறப்பட்ட அவர், வழியில் பெரும்புயலில் சிக்கிக் கடலில் விழுகின்றார். 'அலு அலு' என்னும் மீனின் முதுகைப் பற்றிக்கொண்டு கரை சேர்கின்றார். 'கண்டாசுலி' என்னும் செடியைப் பற்றி மேலேறுகின்றார். அந்நன்றியை மறவாமல், தம் வழித்தோன்றல்கள் அம்மீனை உண்ணலாகாது, அம்மலரைச் சூடலாகாது என விதிக்கின்றார். பின்னர் மலாக்காவை அடைந்து, ஸ்ரீ நாரா டிராஜாவின் மகளை மணந்து அங்கேயே நிலைபெறுகின்றார்.

இக்கதையை வெறும் அற்புதக் கதை எனத் தள்ளுவதற்கில்லை. கடல் கடந்து வந்த ஒரு குடும்பம் தன் மூலத்தையும் தன் விலக்குகளையும் நினைவில் வைத்திருந்த முறை இதில் புலப்படுகின்றது. ஓர் உணவையும் ஒரு மலரையும் விலக்கும் வழக்கம் குலக்குறி மரபை ஒத்தது. அத்தகைய வழக்கத்தை ஒரு குடும்பத்தார் அல்லது அக்குடும்பத்தை நெருங்கி அறிந்தவரே இத்துணை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்க இயலும்.

மணி புரிந்தானைத் தமிழர் எனக் குறிப்பதில் நிதானம் தேவை. 'கெலிங்' என்னும் சொல் கலிங்கம் என்பதன் வழி வந்தது. மலாக்காக் காலத்தில் அது தென்னிந்தியக் கிழக்குக் கரையையும் அங்கிருந்து வந்தோரையும் பொதுவாகச் சுட்டிற்று. இன்று நம் நாட்டில் அச்சொல் இழிவுப் பொருளில் உணரப்படுவதால், பண்டைய நூலில் அது நிலப்பெயராகவே வழங்கியது என்பதை மாணவர்க்குத் தெளிவுறுத்துதல் நன்று. அக்கரையிலிருந்து மலாக்காவுக்கு வந்த வணிகருள் தமிழர் பெரும்பங்கு வகித்தனர் என்பதைப் போர்த்துகீசிய ஆவணங்களும் உணர்த்துகின்றன. ஆகவே இம்மரபைத் தமிழ் முஸ்லிம் வணிக மரபாக வரலாற்றாசிரியர் பலர் கொள்வது பொருத்தமே. ஆனால் இரண்டாம் தலைமுறையிலேயே இக்குடும்பம் மண உறவால் மலாய்ப் பிரபுக் குடும்பமாகிவிட்டது என்பதும் அதற்கு ஈடான உண்மையாகும்.

அரியணைக்கு அருகில்

மணி புரிந்தானின் மகன் துன் அலி. பாட்டனாரின் ஸ்ரீ நாரா டிராஜா பட்டம் இவரையும் சேர்ந்தது. இக்குடும்பத்துப் பெண்ணொருத்தியைச் சுல்தான் மணந்தார். அவர் வயிற்றில் பிறந்தவர் ராஜா காசிம். ரோக்கான் இளவரசியின் மகனான இளையவர் ராஜா இப்ராஹிமே அரியணை ஏறினார். தாய்வழி உறவினரான ரோக்கான் அரசரின் கையிலேயே ஆட்சி இருந்தது. ஏறத்தாழ 1446ஆம் ஆண்டில் துன் அலியின் துணையுடன் அரண்மனை தாக்கப்பட்டது. அக்கலவரத்தில் இளம் அரசர் உயிரிழந்தார். ராஜா காசிம் சுல்தான் முஸாபார் ஷாவாக முடிசூடினார். தென்னிந்தியத் தொடர்புடைய வணிகக் குடும்பமும் அதன் ஆதரவாளரும் மலாக்கா அரசியலில் வலிமை பெற்ற நிகழ்வாக இதனைக் கருதலாம்.

அதன்பின் மலாக்காவில் இரு அணிகள் உருவாயின. ஒன்று துன் அலியின் அணி. மற்றொன்று கிள்ளானிலிருந்து வந்து போரில் புகழ் பெற்ற துன் பேராக்கின் அணி. இப்பிணக்கைத் தீர்க்கச் சுல்தான் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. துன் அலி பதவி விலகித் துன் பேராக்குக்கு வழிவிட இசைந்தார். அதற்கு ஈடாக, அரசரின் மனைவியும் துன் பேராக்கின் உடன்பிறந்தவருமான துன் குடுவைத் தமக்கு மணமுடித்துத் தருமாறு கேட்டார். சுல்தான் துன் குடுவை மணவிலக்கு செய்து துன் அலிக்கு மணமுடித்துக் கொடுத்தார். துன் பேராக் பெண்டஹாரா ஆனார். அரசியலில் ஒரு பெண்ணின் வாழ்வு பேரப்பொருளான இந்நிகழ்ச்சியை நூல் எவ்வித உணர்ச்சியுமின்றிக் கூறிச் செல்கின்றது.

துன் அலிக்கும் துன் குடுவுக்கும் துன் தாஹிர், துன் முத்தாஹிர், துன் செனாஜா ஆகியோர் பிறந்தனர். துன் செனாஜா சுல்தான் அலாவுதீன் ரியாயாட் ஷாவை மணந்து சுல்தான் மாமுட்டைப் பெற்றார். ஏறத்தாழ 1500ஆம் ஆண்டில் துன் முத்தாஹிர் பெண்டஹாராவானபோது, அரசரின் தாய்மாமனும் நாட்டின் முதலமைச்சரும் துறைமுகத்தின் பெருஞ்செல்வரும் ஒருவரே என்னும் நிலை ஏற்பட்டது.

துன் முத்தாஹிரை நூல் குறையற்றவராகக் காட்டவில்லை. ஒரே நாளில் பன்முறை ஆடை மாற்றுவதும், ஆளுயரக் கண்ணாடி முன் நின்று தம் கோலத்தைப் பார்த்துக்கொள்வதும், இளவரசர் பலர் வந்தபோதும் எழுந்து நில்லாமையும், வீட்டுச் சிறுவர்க்குப் பொன்னை விளையாட்டுப் பொருளாகக் கொடுப்பதும் நூலில் இடம்பெற்றுள்ளன. தம் முன்னோரின் செருக்கை மறைக்காது எழுதிய இப்பண்பு இந்நூலுக்கு நம்பகத்தன்மையைக் கூட்டுகின்றது. அதே வேளையில், வரவிருக்கும் அழிவுக்கு வாசகரை அணியப்படுத்தும் உத்தியாகவும் இது அமைகின்றது.

1510: வழக்கும் பொன்னும்

நூலில் கூறப்படும் அழிவின் கதை வருமாறு. வணிகர் தலைவரான நினா சூர தேவானாவுக்கும், செல்வமிக்க ஷாபண்டாரான ராஜா மெண்டெலியாருக்கும் ஒரு வழக்கு ஏற்பட்டது. நினா என்பது நயினா என்பதையும், மெண்டெலியார் என்பது முதலியார் என்பதையும் நினைவூட்டுகின்றன. இருவரும் பெண்டஹாராவிடம் வந்தனர். மாலையாகிவிட்டதால் மறுநாள் வருமாறு அவர் பணித்தார். மெண்டெலியார் பொன் கொடுத்துத் தீர்ப்பை மாற்றிவிடுவாரோ என அஞ்சிய நினா சூர தேவானா, அன்றிரவே 10 காத்தி பொன்னைப் பெண்டஹாராவிடம் கொடுத்தார். அவர் அதனை ஏற்றுக்கொண்டார். மெண்டெலியாரிடம் கடன்பட்டிருந்த கித்துல் என்பவன் இதனை அறிந்து, பெண்டஹாரா உம்மைக் கொல்லத் திட்டமிட்டுள்ளார் எனப் பொய்யும் சேர்த்துக் கூறித் தன் கடனிலிருந்து விடுபட்டான். அச்சமுற்ற மெண்டெலியார் பெரும்பொருளுடன் லக்ஸமானா கோஜா ஹசானை நாடி, பெண்டஹாரா அரியணையைக் கவர எண்ணுகின்றார் எனச் சொன்னார். லக்ஸமானா அதனைச் சுல்தானிடம் தெரிவித்தார்.

சுல்தான் உசாவவில்லை. அவர் மனத்தில் முன்பே ஒரு மனக்குறை இருந்தது. பேரழகியான துன் பாத்திமாவைத் தமக்குக் காட்டாமல் துன் அலி என்னும் உறவினருக்கு மணமுடித்ததே அக்குறை. கொலையாணை பிறந்தது. மகன் துன் ஹசான் தெமெங்கோங் எதிர்த்துப் போரிட முனைந்தார். அரச துரோகம் மலாயர் மரபன்று எனத் துன் முத்தாஹிர் தடுத்தார். தமையன் துன் தாஹிர், மகன், மருமகன் ஆகியோருடன் அவர் கொல்லப்பட்டார். துன் ஹம்சா என்பவர் காயத்துடன் உயிர்பிழைத்தார். பின்னர்ப் பழி பொய்யென வெளிப்பட்டது. மெண்டெலியாரும் கித்துலும் மரணதண்டனை பெற்றனர். லக்ஸமானாவோ உடைமையையும் பதவியையும் மட்டுமே இழந்தார். துன் பாத்திமாவைச் சுல்தான் மணந்தார். அவர் அதன்பின் ஒருபோதும் சிரிக்கவில்லை என நூல் கூறுகின்றது. 1511 ஆகஸ்டில் அல்புகெர்க் தலைமையில் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர்.

கையுறையா, கையூட்டா?

இவ்விடத்தில் நாம் நின்று நோக்க வேண்டியது அந்தப் 10 காத்தி பொன்னை. 1512 முதல் மலாக்காவில் தங்கியிருந்த தொமே பிரெஸ், துறைமுக நடைமுறையைத் தம் சூமா ஓரியெண்டால் நூலில் விரிவாக எழுதியுள்ளார். மேற்கிலிருந்து வந்த வணிகர் தம் சரக்கின் மதிப்பில் 100க்கு 6 விழுக்காடு சுங்கம் செலுத்தினர். அதனுடன் அரசர், பெண்டஹாரா, தெமெங்கோங், தம் இனத்துக்குரிய ஷாபண்டார் ஆகியோர்க்கு 1 அல்லது 2 விழுக்காடு மதிப்புள்ள அன்பளிப்பும் வழங்கினர். அதாவது, அதிகாரிக்கு வணிகர் பொருள் வழங்குவது மலாக்காவில் மறைவான குற்றமன்று, துறைமுகத்தின் நிறுவனமுறையாகும். தலைவனைக் காணச் செல்வோர் கையுறையுடன் செல்வது பழந்தமிழ் வழக்கிலும் உண்டு.

எனவே ஒரே பொன், துறைமுகத்தில் கையுறையாகவும் வழக்குமன்றத்தில் கையூட்டாகவும் பொருள் மாறுகின்றது. வரி தண்டுபவரும் நீதி வழங்குபவரும் வணிகத்தில் பங்குபெறுபவரும் ஒருவராக இருந்த ஆட்சி முறையிலேயே இக்குழப்பத்தின் வேர் உள்ளது. அதனை இரு வணிகரின் பகையாகவும் ஒரு கடனாளியின் பொய்யாகவும் சுருக்கிக் காட்டியது நூலின் கதையாக்கமே.

தண்டனையின் அளவும் சிந்திக்கத்தக்கது. பொய்யை அரசரிடம் கொண்டு சேர்த்த பிரபுவின் உயிர் தப்பியது. வணிகரின் உயிர் போயிற்று. இதனைக் கேட்கும் தமிழ் மாணவன், பழி முழுதும் தன் இனத்தார்மீது சுமத்தப்பட்டதாக உணர்வது இயல்பே. ஆனால் அவனுக்கு நாம் எடுத்துக்காட்ட வேண்டிய உண்மை வேறொன்று. கதையில் பழி சுமத்தியவரும் பழிக்கு ஆளான குடும்பமும் கெலிங் நாட்டுத் தொடர்புடையவர்களே. சில தலைமுறைகளுக்கு முன் வந்து மலாய்ப் பிரபுக்களானோர், பின் வந்து வணிகராகவே நீடித்தோர் எனும் வேறுபாடே இங்கு உள்ளது. அலி மானு நயான் என்னும் வணிகர் தம் வீட்டுக்கு வரும் பெருமக்கள் அனைவர்க்கும் பரிசளித்தபோது, துன் ஹசான் தெமெங்கோங் மட்டும் செல்லவில்லை என நூல் கூறும் நிகழ்ச்சி இவ்விடைவெளியை நன்கு உணர்த்துகின்றது. கடலில் விழுந்து மீனின் முதுகில் கரையேறியவரின் கொள்ளுப்பேரன், வணிகர் வாயிலை மிதிப்பதை இழிவெனக் கருதினார்.

எழுதியவர் யார்?

துன் ஸ்ரீ லானாங்கின் வழிமுறையை ஒரு வடிவத்தின் முகவுரை தெளிவாகக் கூறுகின்றது. அதன்படி அவருடைய கொள்ளுப்பாட்டனார் துன் நாரா வங்சா. அவருக்கு முந்தியவர் பெண்டஹாரா ஸ்ரீ மகாராஜா, அதாவது துன் முத்தாஹிர். அவருடைய தந்தை துன் அலி. துன் அலியின் தந்தை மணி புரிந்தான். ஆகவே 1510இல் கொல்லப்பட்டவரின் கதையை 1612இல் செப்பம் செய்தவர் அவருடைய நேர் வழித்தோன்றல். அவர் பணியாற்றியதோ, கொலையாணையிட்ட சுல்தான் மாமுட்டின் வழிவந்த அரசரின் அவையில். சுல்தான் மாமுட்டுக்கும் துன் பாத்திமாவுக்கும் பிறந்த அலாவுதீன், தந்தை 1528இல் கம்பாரில் இறந்தபின் ஜொகூர் அரசை நிறுவினார். கொன்றவரின் குருதியும் கொல்லப்பட்டவரின் குருதியும் ஜொகூர் அரசிலேயே ஒன்றுகலந்திருந்தன.

இத்தகைய நிலையில் ஓர் அமைச்சர் என்ன எழுத இயலும்? அரசரைக் குற்றவாளி என நேராகக் கூற இயலாது. முன்னோரைத் துரோகி என ஒப்பவும் இயலாது. இடையில் நின்று பழியைத் தாங்க வேறு மாந்தர் தேவைப்பட்டனர். அத்தேவையை மெண்டெலியாரும் கித்துலும் நிறைவு செய்தனர். அவர்கள் வரலாற்றில் வாழ்ந்தவர்களாகவே இருக்கலாம். ஆயினும் கதையில் அவர்கள் வகிக்கும் இடம் குடும்பத்தின் தேவையால் அமைந்தது எனலாம்.

எனினும் அரசரின் குற்றம் மறைக்கப்படவுமில்லை. நூலின் தொடக்கத்தில் டெமாங் லேபார் டாவுனுக்கும் சங் சபுர்பாவுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை நிகழ்கின்றது. குடிகள் அரசருக்குத் துரோகம் செய்யலாகாது. அரசர் குடிகளை இழிவுபடுத்தலாகாது. இழிவுபடுத்தின் அது நாடு அழிவதற்கான அறிகுறியாகும் என்பது அதன் சாரம். நூலின் இறுதிப் பகுதியில் துன் முத்தாஹிர் உயிரைக் கொடுத்தும் தம் பங்கைக் காத்தார். சுல்தான் தம் பங்கைக் காக்கவில்லை. அடுத்து மலாக்கா அழிந்தது. எங்கும் நேராகக் கூறாமல், தொடக்கத்தையும் முடிவையும் பொருத்திப் பார்க்கும் வாசகருக்கு ஆசிரியர் தம் தீர்ப்பைத் தெரிவித்துவிட்டார்.

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. அங்கும் வணிகக் குடும்பம், பொய்யுரைத்த இடையாள், ஆராயாது ஆணையிட்ட அரசன், அழிந்த நகரம் ஆகியன உள. ஆனால் பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணமே உயிர் துறக்கின்றான், கண்ணகி வழக்குரைக்கின்றாள். மாமுட் உயிர் வாழ்கின்றார். துன் பாத்திமாவின் வழக்குரை அவருடைய மௌனமே. தம் மகனுக்கு அரியணை உறுதி செய்யப்படும்வரை அவர் கருவைத் தாங்க மறுத்தார் என்னும் செய்தி அம்மௌனத்தின் வலிமையைக் காட்டுகின்றது. முன்னது வணிகர் குலத்துப் பெண்ணின் நீதியை ஊரறியப் பாடிற்று. பின்னது அரசவையில் இருந்துகொண்டே அதனை அடக்கிச் சொல்லிற்று.

நூலுக்கு வெளியே

நூலுக்கு வெளியே உள்ள சான்றுகளும் சூழ்ச்சி வணிகர் என்னும் ஒற்றைப் படிமத்தைத் தளர்த்துகின்றன. போர்த்துகீசிய ஆவணங்களால் அறியப்படும் நினா சத்து என்னும் இந்து வணிகர் 1509க்குப் பின் மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியர்க்கு உதவினார். 1511க்குப் பின் தம் சமூகத்தாருக்குப் பெண்டஹாராவாக அமர்த்தப்பட்டார். 1514இல் அப்பதவி கம்பார் அரசருக்கு மாற்றப்பட்டபோது, மானக்கேட்டுக்கு அஞ்சித் தீப்புகுந்து உயிர்நீத்தார். ஒரு சாராருக்குத் துரோகியாகவும் மறுசாராருக்கு உற்ற துணைவராகவும் தோன்றும் இவரை நல்லவர், தீயவர் என எளிதில் வகைப்படுத்த இயலாது. அரசுகள் மாறும் காலத்தில் தம் சமூகத்தையும் வணிகத்தையும் காக்க முயன்ற மனிதராகவே இவரைக் காண வேண்டும்.

துன் ஸ்ரீ லானாங்கின் வாழ்வும் எளிதாக அமையவில்லை. ஆணை பிறந்த மறு ஆண்டே, 1613இல், அச்சேப் படை ஜொகூர்த் தலைநகரைத் தாக்கியது. அரசருடன் பெண்டஹாராவும் அச்சேக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் தம் இறுதிக் காலத்தை அங்கே சமாலாங்காவில் கழித்தார். ஒரு நாடு அழிந்த கதையை எழுதியவர், தம் தலைநகரும் வீழ்வதைக் கண்டார்.

அதன்பின் 1699இல் கோத்தா திங்கியில் சுல்தான் இரண்டாம் மாமுட் கொல்லப்பட்டார். மலாக்காவிலிருந்து வந்த அரச வழி அத்துடன் முடிவுற்றது. பெண்டஹாரா அப்துல் ஜலீல் சுல்தானானார். துரோகம் செய்யோம் என உயிரைக் கொடுத்ததாகப் பதிவு பெற்ற பதவி, அரசர் கொலைக்குப் பின் அரியணையில் அமர்ந்தது. 1718இல் ராஜா கெச்சில் படையெடுத்து வந்தபோது, கொல்லப்பட்ட சுல்தானின் மகன் தாமே எனக் கூறியதற்கு ஆதரவு கிடைத்ததும் இவ்வையத்தாலேயே. இன்றைய ஜொகூர் அரச மரபு பெண்டஹாரா வழியிலிருந்து தெமெங்கோங் வழியாகக் கிளைத்ததாகும். அவ்வழியில் வந்த அபு பாக்கார் 1885இல் சுல்தானாக ஏற்கப்பட்டார்.

முடிவுரை

மணி புரிந்தானின் மரபைத் தமிழரின் வெற்றிக் கொடியாகக் கொள்வதும், மெண்டெலியாரின் கதையைத் தமிழரின் இழுக்காகக் கொள்வதும் வரலாற்று நோக்கில் பொருந்தா. முன்னது மண உறவாலும் சமயத்தாலும் மொழியாலும் மலாயராகிவிட்ட ஒரு குடும்பத்தின் தன் அடையாளத்தை மறுக்கின்றது. பின்னது அக்குடும்பம் தன் முன்னோரைக் காக்க எழுதிய வாக்குமூலத்தை நீதிமன்றத் தீர்ப்பாக ஏற்கின்றது.

வகுப்பறையில் ஆசிரியர் செய்யக்கூடியது எளிய ஒன்றே. துன் முத்தாஹிரின் கதையைச் சொல்லும்போது, அதனை எழுதியவர் அவருடைய வழித்தோன்றல் என்னும் செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொமே பிரெஸ் குறித்த சுங்க முறையையும் அதனருகில் வைக்க வேண்டும். அவ்வாறு செய்யின், 'யார் சூழ்ச்சி செய்தார்?' என்னும் வினாவோடு நில்லாது, 'யார் சொன்னார்? எவருக்காகச் சொன்னார்?' என வினவும் பழக்கம் மாணவரிடம் வளரும். கப்பல்கள் இன்றும் வந்து செல்லும் கெலாங் பாத்தாக் கரையில் வாழும் தமிழ் மாணவனுக்கு, தன் மாநிலத்தின் வரலாற்றில் தன் முன்னோர்க்கும் இடமுண்டு என்பதைப் பெருமிதமோ நாணமோ இன்றி அறிந்துகொள்ள இதுவே தக்க வழியாகும்.